கடல் காணச் சென்ற நாளில் புயல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி):

ஐயா, வணக்கம். என் மாமியாருக்கு 68 வயதாகிறது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் குடியாத்தம் வட்டத்துக்குள்ளேயே என்பதால் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், சென்ற நவம்பரில் குடும்பத்தோடு மாமல்லபுரம் சென்று மூன்று நாள் தங்கத் திட்டமிட்டோம். போய் இறங்கிய மாலையே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள். மறுநாள் காலையில் கடற்கரைக்குச் செல்லும் வழியைக் காவலர்கள் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். ஒன்றரை நாள் அறைக்குள்ளேயே பிள்ளைகளோடு அடைந்து கிடந்துவிட்டு, மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் பேருந்து ஏறிவிட்டோம். ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றைப் பார்த்ததோடு சரி. "பார்த்தாச்சும்மா, போதும்" என்கிறார் மாமியார். அது என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர் சொல்லும் சொல். அந்த மாதத்தில் சென்றது எங்கள் தவறா? மறுபடியும் செல்வதென்றால் எப்போது செல்லலாம்?

பதில்:

சகோதரி, தவறு என்று சொல்ல மாட்டேன். ஐப்பசியும் கார்த்திகையும் நம் கீழைக் கடற்கரையில் மழைக்கு உரிய மாதங்கள் என்பது நம் பக்கத்து மக்களின் நினைவில் எளிதில் தங்குவதில்லை, அவ்வளவுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் நம் பகுதிக்குக் கடற்கரையே கிடையாது. ஆகவே கடல் வேறு, நம் ஊர் மழை வேறு என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம். உண்மையில் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதிலும் பெரிய மழையெல்லாம் பெரும்பாலும் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் கொண்டுவந்து சேர்ப்பவை. உங்கள் பயணத்தைக் கெடுத்த காற்றும், உங்கள் ஊர் மோர்தானா அணையை நிரப்பும் மழையும் ஒரே கடலிலிருந்து புறப்பட்டு வருகின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, கெட்டுப்போன ஒரு பயணத்தில் அறிந்துகொண்டதே அதிகம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2021 நவம்பரில், தொற்றுக் காலத்து அடைப்பெல்லாம் தளர்ந்த பிறகு, என் அக்காவையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கடலில் கால் நனைக்க வேண்டும், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் மலை ஏற வேண்டும் என்பது எங்கள் திட்டம். சென்ற மறுநாளான 19ஆம் தேதி அதிகாலையில், புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. அன்றைக்குக் கார்த்திகைத் தீபம், பௌர்ணமி நாள். ஏற்கெனவே கொந்தளித்துக் கிடந்த கடலில் பௌர்ணமியின் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, அலைகள் வழக்கமாகப் படகுகளை ஏற்றி நிறுத்தும் மேட்டையும் தாண்டி வந்துகொண்டிருந்தன. வாசலில் அகல் விளக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. அக்கா ஒரே ஒரு விளக்கை முறத்தால் மறைத்து வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் "ஊருக்குப் போகலாம்" என்று அழத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கத்து நிலைமை அதைவிட மோசமாக இருந்தது. பாலாற்றில் பல ஆண்டுகள் காணாத வெள்ளம் என்றும், உங்கள் ஊர்க் கவுண்டின்ய நதியில் கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன என்றும் கைப்பேசியில் செய்தி வந்தது. பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்துபோன செய்தியும் அன்றுதான் வந்தது. அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. பின்னால் நான் எழுதப்போகும் மகிழ்ச்சியான காட்சி, அந்த ஒன்பது உயிர்களைக் கொண்டுபோன மழையின் மறுபக்கம் என்பதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்டு, வானம் சற்று வெளுத்த 21ஆம் தேதி காலையில், வலை காய வைக்க வந்த மீனவப் பெரியவர் ஒருவர், "உங்க ஊரு ஆறு வந்திருக்குங்க, முகத்துவாரம் தொறந்துகிச்சு, போய்ப் பாருங்க" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா என்று வந்து, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, 348 கிலோமீட்டர் கடந்து வரும் பாலாறு, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூருக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது என்பதை நான் அறிவேன். ஆனால் அறிந்திருப்பதும் "உங்க ஊரு ஆறு" என்று ஒருவர் கைநீட்டிச் சொல்லக் கேட்பதும் ஒன்றல்ல.

ஆற்றின் முகத்துவாரத்தை ஆண்டின் பெரும்பகுதி மணல்மேடு ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். ஆற்றில் தள்ளிவிடும் வேகத்தில் நீர் இல்லாதபோது, அலைகள் ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கும் மணல் வாயை மூடிவிடுகிறது. வெள்ளம் வரும்போது உள்ளே நீர் தேங்கி உயர்ந்து, ஏதோ ஓரிடத்தில் மணலை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. முதலில் ஓடையளவு திறக்கும் வாய், நீரின் வேகத்தில் கரைந்து கரைந்து அகலமாகிவிடும். நாங்கள் உயரமான இடத்தில், சவுக்குத் தோப்பு ஓரமாக, ஊர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தோம். செம்மண் கரைந்த பழுப்பு நீர், பச்சையும் சாம்பலுமாகக் கிடந்த கடலுக்குள் நெடுந்தூரம் ஒரு நாக்கைப் போல நீண்டு சென்றது. இரண்டு நிறமும் சேரும் கோட்டில் நுரை கட்டியிருந்தது. அந்தக் கோட்டின் மேல் ஆலாக்கள் கூட்டமாகப் பறந்து, தலைகீழாக நீரில் விழுந்து மீன் கொத்தின. மணல் திட்டின் ஈர விளிம்பில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அலை வரும்போது மேலேறியும் போகும்போது கீழிறங்கியும் ஓடிக்கொண்டிருந்தன. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்திருந்த பழுப்புத்தலைக் கடற்காகங்கள் காற்றை எதிர்த்து அசையாமல் மிதந்தன. பிள்ளைகள் அழுததை மறந்து பறவைகளை எண்ணத் தொடங்கினார்கள். முந்நூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார்கள்.

பெரியவர் எங்களோடு வந்திருந்தார். முகத்துவாரம் திறந்தால்தான் கடலில் பொரித்த இறால் குஞ்சுகளும் மடவை மீன் குஞ்சுகளும் கழிமுகத்துக்குள் ஏறி வளர முடியும் என்றும், அடைத்தே கிடக்கும் ஆண்டுகளில் உள்நீர் மீன்பிடிப்பவர்களுக்குப் பிழைப்பு இல்லை என்றும் அவர் சொன்னார். நாம் விடுமுறை கெட்டது என்று புலம்பிய வாரம், அவருக்கு ஓர் ஆண்டின் தொடக்கமாக இருந்தது.

என் அக்கா சிறுமியாக இருந்தபோது வேலூரில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்து தெளியும் நீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டுவந்தவர். மணலே அள்ளிக்கொண்டு போகப்பட்ட பிறகு அந்த ஊற்றுகளும் இல்லை. வெள்ளம் தணிந்திருந்த ஓரத்தில், ஊர்ப் பெண் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, அக்கா குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார். "ஆத்து மண்ணு வாசனைதான்டா" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. அந்த நீரில் மண் மட்டும் வந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரைக் கொத்துகளோடு செருப்புகளும் தெர்மாகோல் துண்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் கரை நெடுக ஒதுங்கியிருந்தன. தோல் தொழிற்சாலைக் கழிவுகளுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996இல் தீர்ப்பு வந்த ஆறு இது. நாம் ஆம்பூரிலும் வேலூரிலும் போட்டவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை என் பேரன் அன்று கண்ணால் பார்த்தான். அவனுக்கு நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சகோதரி, உங்கள் ஊர் கவுண்டின்ய நதியும் பாலாற்றில்தான் கலக்கிறது. உங்கள் மாமியார் ஆயுள் முழுவதும் பார்த்த நீர் போய்ச் சேரும் இடம் அது. எனவே என் கருத்து இது: மறுபடியும் அவரை அழைத்துச் செல்லுங்கள், இம்முறை தை அல்லது மாசியில் செல்லுங்கள். பருவமழை ஓய்ந்து, கடல் தணிந்து, வெயிலும் கடுமையாகாத காலம் அது. மாசி மகப் பௌர்ணமியில் மாமல்லபுரம் கடற்கரையில் வட மாவட்டத்து இருளர் மக்கள் கூடிக் கன்னியம்மனை வழிபட்டு, மணலிலேயே தங்குவார்கள். உங்கள் மாமியாரின் வயதையொத்த பெண்கள் அங்கே கடலை அம்மனாகவே பார்ப்பதை அவர் காண்பார். ஏறத்தாழ அதே காலத்தில்தான், சனவரி முதல் மார்ச் வரை, ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுத் திரும்புகின்றன. அப்போதும் மழை குறுக்கிட்டால், தயவுசெய்து மூன்றாம் நாள் காலை வரை பொறுத்திருங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது புயல் அல்ல. அது விட்ட மறுநாள் காலையை நீங்கள் பார்க்காமல் பேருந்து ஏறியதுதான்.

கேள்வி (ராணிப்பேட்டை மாணவர் ஒருவர்):

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். சுற்றுலா செல்பவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

கூண்டு எண்கள் அடிப்படையில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் உரியவை. ஒன்றும் இரண்டும் தொலைவில், நடுக்கடலில் உள்ள ஆபத்தைக் குறிக்கின்றன. மூன்று என்றால் அந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்று பொருள். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேராபத்து. பதினொன்று ஏற்றப்பட்டால், எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் குடும்பத்தோடு செல்பவர்கள் கூண்டு எண்ணைவிட வானிலை மையம் பயன்படுத்தும் சொற்களைக் கவனிப்பது பயனுள்ளது. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயரும் வைக்கப்படும். பெயர் இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். நான் மேலே எழுதிய 2021 வெள்ளத்தைக் கொண்டுவந்தது பெயரில்லாத ஒரு தாழ்வு மண்டலம்தான். மழையைப் பொறுத்தவரை, ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. "மிக" என்ற சொல் முன்னறிவிப்பில் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. நீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கித்தான் நம் மாவட்டத்தில் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

கேள்வி (ஆம்பூர், ஒரு தந்தை):

புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கிய பொருள்களை என் மகள்கள் பை நிறையச் சேர்த்தார்கள். கடல் நுரையிலும் விளையாடினார்கள். இதில் ஆபத்து உண்டா?

பதில்:

சேர்க்கட்டும், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. கொந்தளித்த கடல், வழக்கமான நாள்களில் நம் கண்ணுக்கே வராத ஆழத்துப் பொருள்களையும் நடுக்கடலில் மிதக்கும் உயிர்களையும் கரையில் கொண்டுவந்து போடுகிறது. வெள்ளையாக, எடையே இல்லாமல், படகு வடிவில் ஓர் ஓடு கிடந்திருக்கும்; அது கணவாயின் உள்ளோடு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் "கடல் நுரை" என்று கேட்டால் தருவது இதைத்தான். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், நீல விளிம்போடு வட்டமாக ஒன்று கிடந்தால், அது நீரின் மேல் மிதந்து வாழும் சிற்றுயிர்களின் கூட்டம். பார்க்கலாம், வெறும் கையால் எடுக்க வேண்டாம்.

தொடவே கூடாதவை மூன்று. ஒன்று சொறி எனப்படும் ஜெல்லி மீன். அது செத்துக் கிடந்தாலும் அதன் நூல்கள் கொட்டும். இரண்டு, நீலப் பலூனைப் போல் ஊதிய உடலும் நீண்ட நூல்களும் கொண்ட நீலச்சொறி. இதன் கொடுக்கு முன்னதைவிடக் கடுமையானது. மூன்று கடற்பாம்பு. தட்டையான வாலோடு கரையில் துவண்டு கிடக்கும் அதைச் செத்ததென்று குச்சியால் புரட்டும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதற்குக் கொடிய நஞ்சு உண்டு. ஆமை ஒதுங்கிக் கிடந்தால், உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. ஓட்டையோ முட்டையையோ எடுத்துவருவது குற்றம்.

நுரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீரில் கரைந்த உயிர்ப்பொருள்களை அலைகள் கடைவதால் நுரை இயல்பாகவே உண்டாகும். ஆனால் பெருநகரங்களின் கழிவுநீர் கலக்கும் இடங்களில், மழை வெள்ளத்தோடு சோப்பு நீரும் சாக்கடையும் சேர்ந்து நுரைக்கிறது. 2019 டிசம்பரில் சென்னைக் கடற்கரையில் நாள்கணக்கில் ஒதுங்கிய நுரை அப்படிப்பட்டதுதான். அதிலும் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் படம் எடுத்தார்கள். ஆற்று வாய்க்கும் நகரத்துக்கும் அருகில் ஒதுங்கும் நுரையில் பிள்ளைகளை விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். புயல் கரையை அறுத்த இடத்தில், அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேர்விட்ட மணல்மேடு மட்டும் கரையாமல் நின்றிருக்கும். நெய்தல் பாடல்களில் மகளிர் கோத்து அணிந்ததாகப் படிக்கும் அடும்பு இதுதான். ஆட்டுக் குளம்பைப் போன்ற இலையும் ஊதா நிறப் பூவுமாகப் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடியைப் பிடுங்காமல், அதன் வேர் எவ்வளவு தூரம் மணலுக்குள் ஓடியிருக்கிறது என்று அறுபட்ட பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆரணி, வாசகர் ஒருவர்):

புயல் காரணமாகச் செல்ல முடியாத விடுதி முன்பதிவுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

நடந்து முடிந்ததற்கு, பணத்துக்குப் பதிலாக வேறு தேதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பலர் அதற்கு இணங்குவார்கள். இனி நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு முன்பதிவு செய்யும்போது, வானிலை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர், சத்துவாச்சாரி வாசகி):

மாமல்லபுரத்தில் மழை பிடித்துக்கொண்டால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேலூர் திரும்பும் வழியில் பார்க்கத் தக்க இடம் ஏதேனும் உண்டா?

பதில்:

மழை விட்ட பிறகு என்றால், வேடந்தாங்கலுக்கு ஒரு சுற்று போய் வாருங்கள். மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் அந்த ஏரிக்கு மழையே உயிர். ஏரி நிரம்பி, நடுவில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்தால்தான் நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் அச்சமின்றிக் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் பெரும்பாலான பறவைகள் வருவதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால், ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பறவைகளைக் காத்துவருகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை செல்லலாம். காலை ஆறரை மணிக்கெல்லாம் ஏரிக் கரையில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் பாதிப் பறவைகள் இரை தேடப் போய்விடும்.

பாலாற்று முகத்துவாரத்தையும் பார்க்க விரும்பினால், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்புங்கள். வாயலூரில் ஆற்றைக் கடக்கும் பாலம் வரும். வெள்ளம் ஓடும் நாளில் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல், கரையில் ஊர் மக்கள் நிற்கும் இடத்தில் கேட்டு நின்று பாருங்கள். வறண்ட மாதத்தில் சென்றால், அகன்ற மணலையும் அதன் கோடியில் கடலை மறைத்து நிற்கும் ஒரு மேட்டையும் மட்டும் காண்பீர்கள்.